பழைய ஃபிரிட்ஜ், ஏசியைக் கழிக்கும்போது கேஸ் விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

காயலான் கடையில் பழைய ஏசிக்கு விலை பேசும்போது செம்பு எத்தனை கிலோ தேறும், அலுமினியம் எவ்வளவு, கம்ப்ரஸர் ஓடுகிற நிலையில் இருக்கிறதா என்றுதான் கணக்குப் போடுவார்கள். உள்ளே இருக்கும் குளிரூட்டும் கேஸுக்குத் தனியாக யாரும் காசு கொடுப்பதில்லை. அதனால் முதல் வெட்டு செம்புக் குழாயில் விழுகிறது, கேஸ் புஸ்ஸென்று காற்றில் போகிறது. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரிசைக் கோளாறால் வருபவைதான். கேஸை முறையாக எடுத்து முடிக்கும்வரை செம்பில் கை வைக்கக்கூடாது.

"ஒரு கிலோ கேஸ்தானே, போகட்டும்"

1.5 டன் ஸ்பிளிட் ஏசியில் ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் இருக்கும். பழைய மாடல் என்றால் அது ஆர்-22 என்ற வகை கேஸ். புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை ஒரு கிலோ ஆர்-22, சுமார் 1,760 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் பைக்கை ஏறத்தாழ 38,000 கிலோமீட்டர் ஓட்டினால் வரும் புகை அது. ஓசோன் படலத்துக்கும் கேடு. பழைய ஃபிரிட்ஜில் இருக்கும் ஆர்-12 இன்னும் மோசம். 100 கிராமே ஏறக்குறைய ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு கணக்கில் வரும்.

கிட்டத்து ஆபத்தும் உண்டு. ஒரு கிலோ ஆர்-22 ஆவியானால் சுமார் 280 லிட்டர். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தங்கும். ஜன்னலில்லாத ஸ்டோர் ரூமிலோ பேஸ்மென்டிலோ குனிந்து வேலை செய்பவருக்கு வாசனைகூடத் தெரியாமல் மூச்சுக்காற்று குறையும். திரவமாகத் தெறித்தால் அதன் கொதிநிலை மைனஸ் 41 டிகிரி. தோல் உறைந்து வெந்ததுபோல் ஆகிவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தோல் கையுறையும் மூடிய கண்ணாடியும் இல்லாமல் ஹோஸைக் கழற்ற வேண்டாம். பட்டுவிட்டால் தேய்க்காமல் வெதுவெதுப்பான நீரை 15 நிமிடம் ஊற்றிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஸ்டிக்கரைப் படிக்காமல் தொடங்குவது

எந்த கேஸ், எத்தனை கிராம் என்று நேம்பிளேட்டிலேயே இருக்கும். ஃபிரிட்ஜில் அது உள்சுவரிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும். ஏசியில் அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில். கம்ப்ரஸர் மேல் மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுவாலை படம் இருந்தால் உள்ளே இருப்பது எரியும் கேஸ். வீட்டு ஃபிரிட்ஜில் அது பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஏசியில் ஆர்-290 என்றால் புரொப்பேன். இரண்டும் சமையல் கேஸின் உறவுகள். ஆர்-32 அவ்வளவு எளிதில் பற்றாது, ஆனால் பற்றும்.

ஸ்டிக்கரும் சில சமயம் பொய் சொல்லும். ஆர்-12 ஃபிரிட்ஜில் ஆர்-134ஏ-வோ ஹைட்ரோகார்பன் கலவையோ நிரப்பியிருப்பார்கள். ஆர்-22 ஏசியில் விலை குறைவு என்று புரொப்பேன் ஏற்றியிருப்பதும் உண்டு. பிரஷர் காட்டும் கேஜை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நின்றிருக்கும் யூனிட்டில் 35 டிகிரி வெயிலில் ஆர்-22 சுமார் 180 பிஎஸ்ஐ காட்டும், புரொப்பேன் 160-ஐத் தாண்டும். கேஜ் முள்ளில் அந்த வித்தியாசத்தை நம்ப முடியாது. ஆர்-410ஏ, ஆர்-32 என்றால் 300-ஐ ஒட்டி நிற்கும், அது உடனே தெரியும். ஃபிரிட்ஜில் கேஸ் அளவே சில பத்து கிராம் என்பதால் பிரஷர் எதையும் சொல்லாது. சந்தேகம் இருந்தால் எரியும் கேஸ் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் உசிதம்.

பம்ப் டவுன் செய்தாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைப்பது

குழாயிலும் இன்டோர் யூனிட்டிலும் இருக்கும் கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைப்பதுதான் பம்ப் டவுன். மெக்கானிக்கே அதிகம் சறுக்கும் இடம் இது. ஸ்பிளிட் ஏசியைக் கழற்றும்போது கூல் மோடில் ஓடவிட்டு, சன்னக் குழாயின் வால்வை ஆலன் கீயால் மூடி, தடித்த குழாயின் சர்வீஸ் போர்ட்டில் மாட்டிய கேஜ் முள் பூஜ்யத்தை நெருங்கும்போது அந்த வால்வையும் மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்துவார்கள். இது சரியான முறைதான். ஆனால் இதில் கேஸ் எங்கேயும் போகவில்லை. முழுக்க அவுட்டோர் யூனிட்டுக்குள் அடைந்து கிடக்கிறது. வேறு வீட்டில் மாட்டப்போகிறோம் என்றால் நல்லது. காயலான் கடைக்குப் போகிறது என்றால், பிரஷரோடு இருக்கும் ஒரு பெட்டியை அங்கே வெட்டச் சொல்லி அனுப்புகிறோம்.

பம்ப் டவுனிலேயே உயிரை வாங்கும் தவறு ஒன்று உண்டு. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டைத் தளர்த்துவது, அல்லது எங்கோ லீக் இருக்கும் யூனிட்டை வேக்குவம் வரை இழுப்பது. வெளிக்காற்று உள்ளே போகும். ஆக்சிஜனும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து கம்ப்ரஸரில் நசுங்கி, டீசல் என்ஜினில் நடப்பதுபோல் தானாகவே பற்றி, யூனிட் வெடிக்கும். முள் பூஜ்யத்துக்குக் கீழே போக விடாதீர்கள். கேஸ் லீக்கான யூனிட்டுக்குப் பம்ப் டவுனே வேண்டாம்.

கழிக்கப்போகும் யூனிட்டுக்கு, கேஸை உறிஞ்சி சிலிண்டரில் ஏற்றும் ரெக்கவரி மெஷின்தான் வழி (ஆர்-600ஏ ஃபிரிட்ஜுக்கு மட்டும் வேறு வழி, கீழே வரும்). விண்டோ ஏசியிலும் ஃபிரிட்ஜிலும் சர்வீஸ் வால்வு இருக்காது. கம்ப்ரஸரிலிருந்து நீட்டிக்கொண்டு முனை மூடியிருக்கும் சார்ஜிங் குழாயில், குழாயைத் துளைத்து உட்காரும் பியர்சிங் வால்வைப் பூட்டி, அதில் ஹோஸை மாட்ட வேண்டும். படுக்க வைத்து ஏற்றிவந்த ஃபிரிட்ஜ் என்றால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் எண்ணெயும் சேர்ந்து வரும். மெஷின் இழுத்து முடித்ததும் 5 நிமிடம் நிறுத்திப் பாருங்கள். எண்ணெயில் கரைந்திருந்த கேஸ் மெல்லப் பிரிந்து முள் மறுபடி ஏறும். ஏறினால் இன்னொரு முறை இழுக்க வேண்டும்.

சிலிண்டரில் செய்யும் தவறுகள்

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் லேசான சிலிண்டரில் திரும்ப நிரப்புவது நம் ஊரில் சகஜம். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. தகடு மெல்லியது, துரு ஏறினால் வெடிக்கும். ரெக்கவரிக்கென்று வரும், இரண்டு வால்வு உள்ள சிலிண்டரில் மட்டும் நிரப்புங்கள். அதையும் தராசில் வைத்து, கொள்ளளவில் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் ஆர்-22 சுமார் 11 கிலோதான்; ஆர்-32 இலேசான திரவம், அதனால் 9 கிலோவோடு சரி. முழுக்க நிரப்பினால் வெயிலில் திரவம் விரிய இடமில்லாமல் அழுத்தம் கட்டுக்கடங்காது. ஆர்-22-க்கான சிலிண்டரில் ஆர்-410ஏ-வையோ ஆர்-32-ஐயோ ஏற்றுவதும் கூடாது. அவற்றின் பிரஷர் அறுபது சதவீதத்துக்கு மேல் கூடுதல்.

ஆர்-22-உம் ஆர்-134ஏ-வும் ஒரே சிலிண்டரில் கலந்தால் அதைப் பிரித்துச் சுத்தம் செய்வது நடக்காத காரியம். உயர் வெப்பத்தில் அழிப்பதுதான் மிச்சம். கலக்காமல் வைத்தால் ஆர்-22-க்கு மதிப்பு உண்டு. இந்தியாவில் 2030-க்குள் அது படிப்படியாக நிறுத்தப்படவிருக்கிறது, பழைய ஏசிகளின் சர்வீஸுக்கோ இன்னும் தேவைப்படுகிறது.

டார்ச்சை எடுப்பது

குழாய் மூட்டைப் பிரிக்க நேராக டார்ச்சைக் காட்டுவது வேகமான வழிதான். உள்ளே மிச்ச பிரஷர் இருந்தால் மூட்டு இளகிய நொடியில் எண்ணெய் பனித்துளியாகப் பீய்ச்சி, அந்தச் சுடரிலேயே பற்றி முகத்தில் அடிக்கும். ஆர்-22 சுடரில் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் உண்டாகும், பாஸ்ஜீன் என்ற விஷ வாயுவும் வரலாம். மூக்கு எரியும் புகை வந்தால் வேலையை விட்டுவிட்டு வெளியே ஓடுங்கள். கழிக்கும் யூனிட்டில் குழாயை டியூப் கட்டரால் வெட்டினாலே போதும். மூட்டைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் ஏது?

ஆர்-600ஏ ஃபிரிட்ஜில் இது இன்னும் முக்கியம். 60 கிராம் ஐசோபியூட்டேன் சுமார் 25 லிட்டர் ஆவி. காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் என்பதால், அந்த 60 கிராம் நாலடிக்கு நாலடி தரையில் மூன்றடி உயரம்வரை பற்றக்கூடிய காற்றாக நிற்க முடியும். சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் அடுப்பு, பிளக் பாயின்ட், பூஜை விளக்கு எல்லாம் எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பாருங்கள். சாதாரண ரெக்கவரி மெஷினை இதற்கு மாட்டக்கூடாது, அதன் சுவிட்சில் வரும் பொறியே போதும். இந்த கேஸின் வெப்பமாக்கும் திறன் மிகக் குறைவு, ஓசோனையும் தொடாது. அதனால் ஃபிரிட்ஜைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், பிளக்கைப் பிடுங்கி, பியர்சிங் வால்விலிருந்து நீண்ட ஹோஸ் வழியாக மெதுவாக வெளியேற்றுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. சாக்கடை, கிணறு, ஜெனரேட்டர், பீடி எதுவும் அருகில் கூடாது. பிறகு குழாய்க்குள் நைட்ரஜன் ஓட்டி மிச்ச கேஸை வெளியே தள்ளிவிட்டு வெட்டலாம். எண்ணெயில் கொஞ்சம் கேஸ் தங்கியிருக்கும் என்பதால் அப்போதும் சுடர் வேண்டாம்.

கேஸ் போன பிறகும் மிச்சமிருப்பவை

பழைய ஆர்-12 ஃபிரிட்ஜில் குழாயில் இருந்ததைவிட அதிகமான குளோரோஃபுளோரோகார்பன் சுவரின் ஃபோமில் இருக்கிறது. ஆர்-11 ஊதிச் செய்த ஃபோம் அது. தகட்டுக்காக உடைத்து ஃபோமை எரிப்பதுதான் நடக்கிறவற்றில் படுமோசமான வேலை. அந்தப் புகையில் ஹைட்ரஜன் சயனைடும் கார்பன் மோனாக்சைடும் இருக்கும். பெட்டியை உடைக்காமல் முழுதாகவே மறுசுழற்சி ஆலைக்கு அனுப்ப வேண்டும்.

கம்ப்ரஸர் எண்ணெயைத் தெருவோரச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடியுங்கள். மோட்டார் எரிந்த கம்ப்ரஸர் என்றால் எண்ணெயில் அமிலம் இருக்கும், வெறுங்கையால் தொடக்கூடாது. ஏசியின் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்; ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல் 20,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஐந்து வினாடி பிடித்தால் இறங்கிவிடும். இன்வெர்ட்டர் மாடலில் போர்டைத் தொடும்முன் பத்து நிமிடம் பொறுங்கள்.

மாடியிலோ வாசலிலோ போட்டு வைக்கும் ஃபிரிட்ஜின் கதவை அன்றைக்கே கழற்றிவிடுங்கள். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே போனால் காந்த ரப்பர் கதவை உள்ளிருந்து தள்ளித் திறப்பது கடினம்.

யாரிடம் கொடுப்பது

2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின் பட்டியலில் ஃபிரிட்ஜும் ஏசியும் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டியவை அவை. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும் பழையது எங்கே போகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மெக்கானிக்கிடம் ரெக்கவரி மெஷினும் தராசும் இருக்கிறதா என்று வேலைக்கு முன்பே கேட்டுவிட்டு, சிலிண்டரின் எடையை முன்னும் பின்னும் குறித்துத் தரச் சொல்லுங்கள். நேம்பிளேட்டில் 1.1 கிலோ என்றிருந்து 900 கிராம் வந்தால் நியாயம். 50 கிராம்தான் வந்தது என்றால், யூனிட் ஏற்கெனவே லீக்காகிக் கிடந்திருக்க வேண்டும், அல்லது நீங்கள் காபி போடப் போன நேரத்தில் யாரோ நட்டைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். முதல் நாள்வரை ஏசி நன்றாகக் குளிர்ந்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.