மார்ஃபியின் 17 நகர்த்தல்கள்: பழைய ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் படிக்கும் முறை

புகழ்பெற்ற செஸ் ஆட்டங்களைத் திரையில் மளமளவென்று தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தால் மனதில் ஒன்றும் தங்காது. அடுத்த நகர்த்தல் எது என்று நீங்களே முதலில் தேடியிருக்க வேண்டும். அதற்கு நிஜப் பலகையும் காய்களும், ஒரு நோட்டும், நகர்த்தல்களை மூடி வைக்க ஒரு அட்டைத் துண்டும் போதும். ஒரு மணி நேரம் ஆகும்.

முதல் ஆட்டமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். 1858இல் பாரிஸ் ஓபரா அரங்கில் 21 வயது அமெரிக்க ஆட்டக்காரர் பால் மார்ஃபி வெள்ளைக் காய்களோடு ஆடினார். எதிரே பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் கலந்து பேசிக் கறுப்பை நகர்த்தினார்கள். கீழே எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர், × என்றால் வெட்டுவது, காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய். கோட்டை என்பது ராஜாவும் யானையும் ஒரே முறையில் இடம் மாறுவது.

1. இ4, இ5 2. குதிரை எஃப்3, டி6 3. டி4, மந்திரி ஜி4 4. டி×இ5, மந்திரி×எஃப்3 5. ராணி×எஃப்3, டி×இ5 6. மந்திரி சி4, குதிரை எஃப்6 7. ராணி பி3, ராணி இ7 8. குதிரை சி3, சி6 9. மந்திரி ஜி5, பி5 10. குதிரை×பி5, சி×பி5 11. மந்திரி×பி5 செக், பி8 குதிரை டி7 12. ராணிப்பக்கக் கோட்டை, யானை டி8 13. யானை×டி7, யானை×டி7 14. யானை டி1, ராணி இ6 15. மந்திரி×டி7 செக், குதிரை×டி7 16. ராணி பி8 செக், குதிரை×பி8 17. யானை டி8, மேட்.

பலகையை வலக்கை மூலையில் வெள்ளைக் கட்டம் வரும்படி வையுங்கள். வெள்ளை ராணி டி1இல் நிற்கும். முதல் 7 நகர்த்தல்களை நிறுத்தாமல் ஆடிவிடலாம். 8 முதல் அட்டையால் மூடிக்கொள்ளுங்கள். வெள்ளையின் ஒவ்வொரு முறைக்கும் 3 நிமிடம் யோசித்து, நகர்த்தலையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதிய பிறகே அட்டையை இறக்க வேண்டும். எழுதாமல் விட்டால் "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று மனம் சொல்லிவிடும். அங்கேதான் பயிற்சி வீணாகிறது.

8இல் பலரும் ராணியால் பி7 சிப்பாயை வெட்டுவதாக எழுதுவார்கள். அதில் தவறில்லை, ஒரு சிப்பாய் லாபம்தான். ஆனால் கறுப்பு ராணி பி4இல் செக் வைத்து ராணிக்கு ராணி வெட்டி மாற்றிவிடும், தாக்குதலும் அதோடு அடங்கிவிடும். மார்ஃபி சிப்பாயை விட்டுவிட்டு இன்னொரு காயை வெளியே கொண்டுவந்தார்.

10தான் ஆட்டத்தின் மையம். இங்கே 10 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த காய்களை எண்ணிப் பாருங்கள். வெள்ளைக்கு ராணி, இரண்டு மந்திரிகள், ஒரு குதிரை என நான்கு. கறுப்புக்கு ராணியும் ஒரு குதிரையும் மட்டுமே. அந்த ராணியும் இ7இல் நின்று தன் எஃப்8 மந்திரிக்கே வழியை அடைக்கிறது. ராஜா நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இரண்டு சிப்பாய்களுக்கு ஒரு குதிரையைக் கொடுப்பது இங்கே நஷ்டமாகவில்லை. இதே பலியை ராஜா கோட்டைக்குள் போய்விட்ட ஆட்டத்தில் செய்தால் குதிரை போனது போனதுதான்.

காய்களைத் தவறாக நகர்த்தும் இடங்கள் இரண்டு. 11இல் எஃப்6 குதிரையும் டி7க்குப் போகக்கூடியது. அதை நகர்த்திவிட்டால் பின்னால் எதுவும் பொருந்தாது, பி8 குதிரைதான் போக வேண்டும். 12இல் வெள்ளை ராஜா சி1இலும் யானை டி1இலும் வந்து நிற்க வேண்டும். 14இல் டி1க்கு வருவது எச்1 யானை.

முடிவு நிலையைக் கலைக்காமல் கொஞ்ச நேரம் பாருங்கள். வெள்ளைக்கு சிப்பாய்கள் தவிர மிஞ்சியது ஒரு யானையும் ஒரு மந்திரியும்தான். கறுப்பிடம் ராணி, யானை, மந்திரி, குதிரை எல்லாம் இருக்கின்றன. ஆனால் எச்8 யானையும் எஃப்8 மந்திரியும் பிறந்த கட்டத்தை விட்டு நகரவே இல்லை.

பிறகு பலகையைத் திருப்பி, கறுப்பின் பக்கம் உட்கார்ந்து மறுபடி ஆடுங்கள். ராஜாவை எந்த நகர்த்தலுக்குள் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும் என்று தேடுங்கள். நகர்த்தல்களை மதிப்பிட்டுச் சொல்லும் கணினி எஞ்சினை அதற்கப்புறம்தான் திறக்க வேண்டும். முதலிலேயே திறந்தால் எண்கள் தெரியும், காரணம் பிடிபடாது.

இது பழகியபின் மெதுவான ஆட்டங்களுக்குப் போகலாம். 1972இல் ரெய்க்யவிக்கில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ஆடிய உலக சாம்பியன் போட்டியின் 6ஆம் ஆட்டம் நல்ல அடுத்த படி. தோற்ற ஸ்பாஸ்கியே கைதட்டிய ஆட்டம் அது. இறுதிக்கட்டத்துக்கு 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனும் குகேஷும் ஆடிய உலக சாம்பியன் போட்டியின் 14ஆம் ஆட்டம். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் வெள்ளையை ஆடிய டிங் சமன் செய்யும் நிலையில்தான் இருந்தார். 55இல் யானையை எஃப்2வில் வைத்து யானை மாற்றத்துக்கு வழிவிட்டார். யானைகள் போனதும் குகேஷின் மந்திரி டி5க்கு வந்தது. ஏ8 மூலையில் நின்ற வெள்ளை மந்திரிக்குத் தப்ப வழியில்லை. அதுவும் மாறியபின் மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் தோல்விதான். 54 வரை ஆடிவிட்டு நிறுத்துங்கள். வெள்ளையின் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில், எதிராளி எந்தக் காயை வலுக்கட்டாயமாக மாற்ற முடியும் என்பதையும் எழுதிய பிறகு அட்டையை இறக்குங்கள்.