டிரம்ஸ் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிசியஸின் ரோஸ் ஹில்லில், பள்ளி விட்டதும் என்னிடம் டிரம்ஸ் கற்க வரும் பிள்ளைகள், அந்த வயதில் நான் செய்த பிழைகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். நிமிர்ந்து உட்கார், குச்சியை இறுக்கிப் பிடிக்காதே என்பவையெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாற்பதையும் ஒரே மூச்சில் படிப்பது

அமெரிக்காவின் பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 1984-இல் ஏற்றுக்கொண்ட பட்டியலில் 40 ருடிமெண்ட்கள், அதாவது டிரம்ஸின் அடிப்படைக் கை வரிசைகள், உள்ளன. அதைச் சுவரில் ஒட்டி, அடித்து முடித்தவற்றுக்கெல்லாம் குறி போட்டுக்கொண்டு போகிறவர்களுக்குக் கடைசியில் ஒன்றும் கையில் நிற்பதில்லை. சிங்கிள் ஸ்ட்ரோக் (கைக்கு ஒரு அடி), டபுள் ஸ்ட்ரோக் (கைக்கு இரண்டு அடி), பாரடிடில் (இவ்விரண்டின் கலவை), ஃபிளாம் (பெரிய அடிக்குச் சற்று முன் ஒரு மெல்லிய அடி). முதல் ஆண்டுக்கு இவை போதும்.

எல்லா அடியையும் ஒரே உயரத்திலிருந்து அடிப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். "பாரடிடில் முடிந்துவிட்டது சார், நிமிடத்துக்கு 140 தட்டு வேகத்தில் அடிக்கிறேன்" என்பான் ஒரு மாணவன். அடித்துக் காட்டச் சொன்னால் எல்லாம் ஒரே சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது பாரடிடிலா, வெறுமனே இரு கைகளும் மாறி மாறி விழுகின்றனவா என்றே தெரியாது.

வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. கை வரிசை இவ்வளவுதான், பத்து நிமிடத்தில் வந்துவிடும். வேலை உயரத்தில் இருக்கிறது. முதல் அடி ஒரு சாண் உயரத்திலிருந்து அழுத்தமாக விழ வேண்டும். மற்ற மூன்றும் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அழுத்த அடி விழுந்ததும் குச்சி துள்ளி மேலே போகப் பார்க்கும். அதைத் தாழ்வாகவே நிறுத்துவது ஒரு திறமை. இரண்டாவது அடியைக் கவனியுங்கள். இடது கை அதை மெல்லத் தட்டிவிட்டு உடனே மேலே எழ வேண்டும், ஏனென்றால் அடுத்த அழுத்தம் அதனுடையது. வலது கை இரட்டை அடியை அடிக்கும் நேரம்தான் இடது கைக்குக் கிடைக்கும் அவகாசம். இது புரியாமல் அடிக்கும் பாரடிடில் வெறும் விரல் கணக்கு.

இதனால் வரும் நட்டம் சிறியதல்ல. என்னிடம் படித்த ஒருவனுக்கு நல்ல வேகம். திருமண வீடுகளில் வாசிக்கும் ஒரு குழுவில் இடம் கிடைத்தது. மொரிசியஸின் ஆட்ட இசையான சேகா ஆரம்பித்ததும் ஹை-ஹேட் சிம்பலில் ஆறு அடியும் ஒரே கனத்தில் விழுந்தன. ஆட எழுந்தவர்கள் நாற்காலிக்குத் திரும்பினார்கள். பாடகி இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அடுத்த நிகழ்ச்சிக்கு அவனை அழைக்கவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை பிறகு வந்தது: வேகத்தில் ஊறிப்போன கையை மறுபடி 60-க்கு இறக்கி, உயரம் பார்த்துப் பழக மாதக்கணக்கில் ஆயிற்று. முதலிலேயே செய்திருந்தால் சில வாரங்களில் முடிந்திருக்கும்.

சேகாவின் ஒரு சுற்று ஆறு சிற்றடிகள். அது தகிட தகிட என்றும் நடக்கும், தக தக தக என்றும் நடக்கும். அந்த இழுபறியில்தான் இடுப்பு அசைகிறது. ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றி, ரவான் என்ற கைப்பறையை வாசிப்பவர் இதை ஒரே தோலில் கொண்டுவந்துவிடுகிறார். நம் பிள்ளைகளுக்கு ஐந்து டிரம்மும் மூன்று சிம்பலும் இருந்தும் வருவதில்லை!

டபுள் பாரடிடிலை எடுத்துக்கொள்ளுங்கள்: வலது இடது வலது இடது வலது வலது, பிறகு அதையே இடது கையில் தொடங்குங்கள். முதலில் 1, 4-ஆம் அடிகளில் அழுத்தம் கொடுங்கள். கை வரிசையை மாற்றாமல் அழுத்தத்தை 1, 3, 5-க்கு நகர்த்துங்கள். வாயால் சொல்லிக்கொண்டே அடியுங்கள். மிருதங்கம் கற்ற பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடுகிறது, மற்றவர்கள் வாய் திறக்கக் கூச்சப்படுகிறார்கள். எதிரே ஒரு கண்ணாடி இருக்கட்டும். இரண்டு குச்சிகளும் எந்நேரமும் ஒரே உயரத்தில் தெரிந்தால், வேகத்தைக் குறையுங்கள்.

பிராக்டிஸ் பேடோடு நின்றுவிடுவது

பயிற்சிக்கான ரப்பர் பேட் குச்சியைத் தானே திருப்பி அனுப்பும். தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாம் அனுப்பாது. பேடில் பளிச்சென்று வந்த டபுள் ஸ்ட்ரோக்கின் இரண்டாவது அடி அங்கே காணாமல் போகும். பயிற்சியின் கடைசிப் பகுதியை அங்கே செய்யுங்கள், கிக் டிரம்மில் காலும் சேரட்டும்.

தாளம் காட்டும் மெட்ரோநோம் எல்லா அடிக்கும் ஒலிப்பது

சுற்றுக்கு ஒரு முறை ஒலித்தால் போதும். நடுவில் நீங்கள் ஓடுகிறீர்களா என்பது அப்போதுதான் தெரியும்.

மணிக்கட்டு வலித்தும் தொடர்வது

நிறுத்துங்கள்.

காதடைப்பான் இல்லாமல் வாசிப்பது

வேண்டாம்.

"சேகாவுக்கு ருடிமெண்ட் எதற்கு?" என்று கேட்பது

இதற்கு நான் பதில் சொல்வதில்லை. கேட்கிற பிள்ளையின் மடியில் ரவானை வைத்து, வாசி என்கிறேன்.