எம்.எஸ். நோய்க்கு மாதம் ஒரு ஊசி: வீட்டில் போட்டுக்கொள்வோர் அறிய வேண்டியவை

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து நரம்பு நோய்க்காகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையத்துக்குப் போய் வருவோர் பலர். அவர்களில் விட்டுவிட்டுத் தாக்கும் வகை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) உள்ளவர்களுக்கு மருத்துவர் ஆஃபாட்டுமுமாப் என்னும் மருந்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கெசிம்ப்டா என்ற பெயரில் வரும் இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்தது. எம்.எஸ். நோயில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே நரம்பு உறையைத் தாக்குகிறது. அதில் பங்குள்ள பி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்களை, அவற்றின் மேலுள்ள சிடி20 என்ற அடையாளத்தைக் கொண்டு கண்டறிந்து இது அழிக்கிறது. இதனால் நோய் மீண்டும் தாக்குவது குறைகிறது. ஏற்கெனவே ஏற்பட்ட பாதிப்பு இதனால் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

தொடங்குமுன், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான பரிசோதனை கட்டாயம். அந்தக் கிருமி உடலில் செயல்பட்டுக்கொண்டிருந்தால் இந்த மருந்தைப் போடவே கூடாது. உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளைக் குறைந்தது 4 வாரம் முன்பும், மற்றவற்றை இயன்றவரை 2 வாரம் முன்பும் முடித்துவிட வேண்டும். கருவுற எண்ணும் பெண்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசி ஊசிக்குப் பிறகும் 6 மாதம் கருத்தடை தேவை.

ஒரு ஊசியில் 20 மில்லிகிராம் மருந்து இருக்கும். முதல் மூன்று ஊசிகள் வாரத்துக்கு ஒன்று. அடுத்த வாரம் இடைவெளி. நான்காம் வாரம் முடிந்ததும் தொடங்கி மாதம் ஒன்று. முதல் ஊசியை மருத்துவர் அல்லது செவிலியர் முன்னிலையில் போட்டுப் பழக வேண்டும். அன்று காய்ச்சல், குளிர், தலைவலி, உடல்வலி வருவது உண்டு. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வரும். உடல் சூடேறும்போது பழைய மரப்பும் பார்வை மங்கலும் சற்று நேரம் தலைதூக்கக்கூடும் என்பதால், புதிய தாக்குதல் வந்துவிட்டதோ என்று வீட்டார் கலங்கிப்போகிறார்கள். காய்ச்சல் தணிந்த பிறகும் இந்த மரப்போ பார்வை மங்கலோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அழையுங்கள்.

ஊசி போடுவதைவிட மருந்தைக் குளிர்ச்சியாகக் காப்பதே நம் பகுதியில் கடினம் என்பது என் கருத்து. 2 முதல் 8 பாகை செல்சியஸில் பிரிட்ஜில் வைக்க வேண்டும். உறையவும் கூடாது, குலுக்கவும் கூடாது. தேவைப்பட்டால் 30 பாகைக்கு மிகாத இடத்தில் அதிகபட்சம் 7 நாள் வெளியே இருக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் அந்த அளவைச் சீக்கிரமே தாண்டிவிடும். திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவோர் ஐஸ் பெட்டியில் ஐஸ்கட்டிப் பைக்கும் மருந்துப் பெட்டிக்கும் நடுவே தடித்த துண்டு ஒன்றை மடித்து வைக்கட்டும். ஐஸ் நேரே பட்டால் மருந்து உறைந்துவிடும்; உறைந்ததை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. வீட்டிலும் பிரீசரை ஒட்டி வைக்க வேண்டாம்.

போடுவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு பிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள்; வெந்நீரில் சூடாக்காதீர்கள். மருந்து கலங்கலாகவோ துகள்களுடனோ இருந்தால் பயன்படுத்தாதீர்கள். தொடையின் முன்புறம், அல்லது தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி வயிறு ஏற்ற இடம். மேல்கையின் வெளிப்புறத்தில் போடுவதாயின் வேறொருவர் போட வேண்டும். சிவந்த, தழும்பேறிய இடத்தைத் தவிர்த்து, மாதந்தோறும் இடத்தை மாற்றுங்கள். தோலைத் துடைத்து உலரவிட்டு, மூடியைக் கழற்றியபின் 5 நிமிடத்துக்குள் பேனா வடிவ ஊசிக் கருவியைத் தோலில் செங்குத்தாக வைத்து அழுத்துங்கள். முதல் 'கிளிக்' மருந்து இறங்கத் தொடங்கியதைக் காட்டும். இரண்டாவது கேட்டதும் எடுத்துவிடும் அவசரம் பலருக்கு உண்டு. அப்போது ஊசி ஏறக்குறையத்தான் முடிந்திருக்கும். பச்சை நிறம் கண்ணாடிச் சாளரத்தை நிறைத்து அசைவற்று நிற்கும்வரை கை விலகக் கூடாது.

முடிந்த பேனாவைத் தடித்த, மூடியுள்ள டப்பாவில் போட்டு, மருத்துவமனையில் ஒப்படையுங்கள். ஊசி நாளில் காய்ச்சலோ நோய்த்தொற்றோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். நாள் தவறிவிட்டால் அடுத்த மாதம் வரை காத்திராமல் இயன்றவரை விரைவில் போட்டு, அதற்கடுத்த ஊசியின் நாளை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.