லேக் வந்ததும் லைனைக் குறை சொல்லாதீர்கள்: பின்னணி புரோகிராம்களில் எல்லோரும் செய்யும் தவறுகள்

போன வாரம் என் சித்தப்பா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, எதிரியைக் குறி பார்த்துத்தான் சுடறேன், அதுக்குள்ள அவன் ரெண்டடி தள்ளிப் போயிடறான். லைன் சரியில்ல. பெரிய பிளானுக்கு மாறப் போறேன்" என்றான். ஓடும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தானாம், பெயர் புரியாததையெல்லாம் மூடியும் விட்டானாம். சில வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறுகள், அதே வரிசையில். இந்த லேக் (ஆன்லைன் கேமில் வரும் தடங்கல்) பிரச்சினையோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இதே வழியில்தான் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விளையாடும்போது படம் பார்க்காதே, நாற்பது டேப் திறக்காதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டு வகை லேக்கையும் ஒன்று என்று நினைப்பது

திரையே திக்கித் திக்கி ஓடுவது ஒரு வகை. 60 எஃப்.பி.எஸ்-இல் (நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம்) ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் வேறொரு புரோகிராம் பிராசஸரையோ டிஸ்க்கையோ பிடித்துக்கொண்டால் படம் ஒரு கணம் நின்று குதிக்கும். இன்னொரு வகையில், உங்கள் கேமரா வழுக்கிக்கொண்டு திரும்பும். ஆனால் எதிரிகள் இடம் விட்டு இடம் தாவுவார்கள், கடந்து வந்த வாசலுக்கே உங்களை கேம் இழுத்துப் போடும். இது நெட்வொர்க் சம்பந்தப்பட்டது. கேம் செட்டிங்கில் எஃப்.பி.எஸ், பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லிசெகண்டில்) இரண்டையும் திரையில் காட்ட வைத்து, எது ஆடுகிறது என்று முதலில் பாருங்கள்.

அப்லோடைப் பார்க்காமலே இருப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான்.

அப்போது எனக்குத் தினமும் இரவில் பிங் 400-ஐத் தாண்டும். லேப்டாப்பை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டால் எல்லாம் சரியாக இருக்கும். இணைய நிறுவனத்துக்குத் திரும்பத் திரும்ப போன் செய்தேன். லைனில் கோளாறு இல்லை என்றார்கள், நம்பவில்லை. பிளானை இரண்டு முறை உயர்த்தினேன், இரண்டாவது முறை ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டி. ரவுட்டரையும் மாற்றினேன். மூன்று மாதம் போனது.

காரணம், போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றும் ஒரு பேக்அப் புரோகிராம். சார்ஜரில் இருக்கும்போது மட்டும் ஏற்று என்று நானே அதில் டிக் செய்திருந்தேன். விளையாடும்போது சார்ஜரில் போடுவேன். சோதிக்கும்போது கழற்றிக்கொண்டு போவேன். விளையாடினால் லேக், சோதித்தால் சுத்தம். லைன் மீது குற்றமே இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். வெளியே போக வேண்டிய பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) மோடத்திலோ ரவுட்டரிலோ வரிசையில் நிற்கும். அந்த இடத்துக்கு பஃபர் என்று பெயர். அது 256 கேபி (கிலோபைட்), உங்கள் அப்லோடு 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்குச் சுமார் 625 கேபிதான் வெளியேறும். பேக்அப் அந்த பஃபரை நிரப்பி வைத்திருந்தால், கடைசியாக வந்து சேரும் கேம் பாக்கெட் சுமார் 0.4 நொடி காத்திருக்க வேண்டும். பிங்கில் 400 மில்லிசெகண்ட் அப்படியே கூடிவிடும். அப்லோடு 1 எம்பிபிஎஸ் என்றால் இரண்டு நொடி. கேம் அனுப்புவதோ மிகச் சிறிய பாக்கெட். அது முன்னால் நிற்கும் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிய சைக்கிள் மாதிரி.

பிளானை உயர்த்தினாலும் ஏன் தீரவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பேக்அப் புரோகிராம் எவ்வளவு இடம் கொடுத்தாலும் அவ்வளவையும் எடுத்துக்கொள்ளும். அதோடு, பல பிளான்களில் பெரிதாகக் காட்டும் எண் டவுன்லோடுக்கு உரியது. அப்லோடு அதைவிட மிகக் குறைவு. 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் இந்தக் கோளாறுக்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார்.

சோதிப்பது சுலபம். கமாண்ட் பிராம்ப்டை இரண்டு ஜன்னல்களில் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்கும் (பல வீடுகளில் 192.168.1.1), இன்னொன்றில் 8.8.8.8-க்கும் (இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வர்) நிற்காமல் பிங் (ping -t என்ற கட்டளை) ஓடட்டும். சார்ஜர் உட்பட எல்லாம் விளையாடும்போது இருப்பது போலவே இருக்க வேண்டும். இதைத்தான் நான் தவற விட்டேன். முதல் ஜன்னலில் 1, 1, 2 என்று நிதானமாக ஓட, இரண்டாவதில் 28, 31, 190, 412 என்று ஏறினால் வரிசை நிரம்புகிறது என்று பொருள். முதல் ஜன்னலே ஆடினால் வைஃபையைப் பாருங்கள். பிறகு விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரின் நெட்வொர்க் பகுதியில் 'அனுப்பியது' என்ற நெடுவரிசையைக் கிளிக் செய்தால் யார் தள்ளுகிறார்கள் என்று பெயரோடு மேலே வரும். அதை நிறுத்தியதும் இரண்டாவது ஜன்னலில் எண் சட்டென்று இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நிறுத்தினால் மட்டும் போதாது, நாளைக்கு மறுபடி ஓடும். அந்த புரோகிராமிலேயே அப்லோடு வேகத்துக்கு வரம்பு வையுங்கள். ஒன்டிரைவ் போன்றவற்றில் அந்த வசதி இருக்கிறது. விண்டோஸ் அப்டேட்டின் மேம்பட்ட விருப்பங்களில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்று உண்டு. உங்களிடம் இறங்கிய அப்டேட்டை மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புவது அதன் வேலை. இணையத்தில் இருப்பவர்களுக்கும் அனுப்பும்படி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ரவுட்டரில் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்.க்யூ.எம் (SQM) வசதி இருந்தால், அளந்த வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு வரம்பு கொடுங்கள். வீட்டில் வேறு யாருடைய போன் வீடியோ ஏற்றினாலும் அப்போது உங்கள் கேம் தப்பிக்கும்.

டாஸ்க் மேனேஜரில் கேமின் முன்னுரிமையை ரியல்டைம் என்று வைப்பது

வைக்காதீர்கள். விண்டோஸின் சொந்த வேலைகளையே கேம் தள்ளிவிடும்; மவுஸ்கூட உறைந்து போகலாம்.

பெயர் புரியாததையெல்லாம் மூடுவது

டாஸ்க் மேனேஜரில் எஸ்.வி.சி ஹோஸ்ட் (svchost) என்று பத்து இருபது வரிகள் நின்றால் வைரஸ் என்று பயப்படுகிறார்கள். அவை விண்டோஸின் சேவைகளைத் தாங்கி நிற்பவை. ஒன்றை மூடினால் சத்தம் போகும், இன்னொன்றை மூடினால் நெட் போகும். பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். சிபியு, டிஸ்க் தலைப்புகளைக் கிளிக் செய்து மேலே வருவதை மட்டும் கவனியுங்கள். எதுவும் செய்யாமல் கிடக்கும் புரோகிராமை மூடி எந்தப் பயனும் இல்லை.

ஆன்டிவைரஸை மொத்தமாக அணைப்பது

ஸ்கேன் நேரத்தை மாற்றினாலே போதும்.

கேம் பூஸ்டர் போடுவது

கேமை வேகமாக்குவதாகச் சொல்லும் புரோகிராம் அது. வேண்டாம். அதுவும் பின்னணியில் ஓடப்போகிற ஒன்றுதான்.

ஒரு லாஞ்சரை நம்பி இன்னொன்றை மறப்பது

லாஞ்சர் என்பது கேம்களை இறக்கி ஓட்டும் புரோகிராம்; ஸ்டீம் அதில் ஒன்று. ஸ்டீமில் தொடங்கிய கேம் ஓடும்போது ஸ்டீம் தன் டவுன்லோடை நிறுத்தி வைக்கும். அதை மாற்ற செட்டிங்கும் உண்டு. ஆனால் வேறு லாஞ்சரில் நீங்கள் விளையாடுவதை அது கணக்கில் எடுக்காது.

பெருக்கல் குறியை அழுத்தினால் மூடிவிட்டது என்று நம்புவது

பல புரோகிராம்கள் கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொண்டு ஓடும். சில பிரவுசர்களும் அப்படித்தான். மூடிய பிறகும் பின்னணியில் தொடர அனுமதி அவற்றின் செட்டிங்கில் இருக்கும்.

தம்பியின் லேப்டாப்பில் நடந்ததும் இதுதான். மேட்ச்களைப் பதிவு செய்யும் ஒரு புரோகிராமை அவன் மூடிவிட்டதாக நினைத்திருந்தான். அது ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் வீடியோவை ஏற்றிக்கொண்டிருந்தது; அடுத்த மேட்ச் தொடங்கும்போது முந்தையது பாதிதான் போயிருக்கும். தானாக ஏற்றும் வசதியை அணைத்தோம். 8.8.8.8 ஜன்னலில் 380-இல் இருந்த எண் 30-க்கு இறங்கியது. பிளானை மாற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.