பைகேமில் படங்களை வேகமாக வரைவது எப்படி?

வேலூர்க் கோட்டையைப் பின்னணியாக வைத்து பைத்தான் மொழியில் விளையாட்டுகளை எழுத உதவும் பைகேம் நூலகத்தில் ஒரு சிறு விளையாட்டை எழுதுவதாகக் கொள்வோம். கைப்பேசியில் எடுத்த மதிலும் அகழியும் தெரியும் படம் ஒன்று, ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரம் ஒன்று, 1806 ஜூலை 10 அன்று கிளர்ந்தெழுந்த சிப்பாய்களைக் குறிக்கும் சில உருவங்கள், அவ்வளவே. எனினும் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ ஒரு மாணவர் வைத்திருக்கும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் இதை ஓட்டினால் சிப்பாய்கள் விட்டுவிட்டு நகரக்கூடும். படத்தைத் திரையில் வரையும் பைகேமின் பிளிட் கட்டளை பிக்சல்களை மையச் செயலியைக் கொண்டே நகலெடுப்பதால், தேவையற்ற வேலையை அதன் தலையில் சுமத்தாமல் இருப்பதுதான் நாம் செய்ய வேண்டியது.

எதையும் திருத்துவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 முறை திரையை வரைவது, வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி மட்டுமே. கிளாக் பொருளின் கெட்_ராடைம், காத்திருந்த நேரத்தைச் சேர்க்காமல், உண்மையில் வேலைக்குச் செலவான நேரத்தைச் சொல்லும் என்பதால், நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று மட்டும் சொல்லும் கெட்_எஃப்பிஎஸ்ஸைவிட அதையே நம்புவது நல்லது.

பெரும்பாலான நிரல்களில் முதல் குறை, படத்தை லோட் செய்தபடியே பயன்படுத்துவதுதான். ஜேபெக் படம் பிக்சலுக்கு 24 பிட்டாக நினைவகத்தில் அமர்கிறது. திரையோ வழக்கமாக 32 பிட். இவ்விரண்டும் பொருந்தாததால், ஒவ்வொரு பிளிட்டின்போதும் ஒவ்வொரு பிக்சலையும் வடிவம் மாற்றியே எழுத வேண்டியிருக்கிறது. லோட் செய்த உடனே கன்வெர்ட் கட்டளையை ஒருமுறை அழைத்துவிட்டால் இந்த மாற்றம் அத்துடன் முடிந்துவிடும். திரையின் வடிவம் தெரிந்தால்தான் இது நடக்கும் என்பதால், திரையை உருவாக்கும் செட்_மோட் கட்டளை இதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். கோபுரம் போல, சுற்றிலும் ஒளிபுகும் பகுதி உள்ள பிஎன்ஜி படத்துக்கு கன்வெர்ட்_ஆல்ஃபாவையே பயன்படுத்துங்கள். வெறும் கன்வெர்ட்டைப் பயன்படுத்தினால் ஒளிபுகும் தன்மை போய், கோபுரத்தைச் சுற்றி ஒரு கட்டம் தெரியும்.

அடுத்தது அளவு. 4000-க்கு 3000 பிக்சல் கொண்ட கோட்டைப் படத்தில் 1.2 கோடி பிக்சல்கள் உள்ளன. 1280-க்கு 720 திரைக்குத் தேவையானவை 9,21,600 மட்டுமே. படத்தின் அளவை மாற்றும் ஸ்மூத்ஸ்கேல் கட்டளையை, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் வைத்தால் அத்தனை பிக்சல்களையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மீண்டும் சுருக்க வேண்டியிருக்கும். லூப்புக்கு வெளியே ஒருமுறை சுருக்கி வைத்துக்கொண்டால் போதும். சிப்பாயின் முகத்தை இடமும் வலமும் திருப்புவதற்கும் இதே முறைதான்: இரண்டு படங்களையும் முன்பே செய்து வைக்கலாம். மதிப்பெண்ணைக் காட்டும் எழுத்தை, எண் மாறும்போது மட்டும் ரெண்டர் செய்தால் போதும்.

ஒளிபுகும் படங்களில் பலரும் கவனிக்காத ஒன்றுண்டு. கோபுரத்தைச் சுற்றியுள்ள வெற்று வானம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், பிளிட் அந்தப் பிக்சல்களையும் ஒவ்வொன்றாகக் கடந்தே செல்கிறது. கெட்_பவுண்டிங்_ரெக்ட் கொண்டு உருவம் உள்ள பகுதியைக் கண்டறிந்து, சப்சர்ஃபேஸ் கொண்டு அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரங்களை வெட்டியதால் படம் தள்ளிப் போகாதிருக்க, வெட்டிய அளவை வரையும் இடத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் வேகம் போதாவிட்டால், மாறிய இடத்தை மட்டும் வரையுங்கள். சிப்பாய் நகரும்போது, அவர் முன்பு நின்ற செவ்வகத்தின் மேல் பின்னணியின் அதே பகுதியைப் பூசிவிட்டு, புதிய இடத்தில் அவரை வரைந்து, இரண்டு செவ்வகங்களையும் பட்டியலாக டிஸ்பிளே.அப்டேட்டுக்குக் கொடுக்க வேண்டும். மதில் அசையாமல் நிற்கும் காட்சியில் இது மிகவும் பயன்படும். அகழிக்கரையோடு பின்னணியே நகர்ந்துகொண்டிருக்கும் காட்சியில் திரை முழுவதுமே மாறுவதால் இதனால் பயனில்லை. அங்கே கிராபிக்ஸ் செயலியைப் பயன்படுத்தும் ஓபன்ஜிஎல் வழியாக வரையும் பைகிளெட் அல்லது ஆர்கேட் நூலகத்துக்கு மாறுவதே சரி.