வீட்டு வாசலில் பிரேக் பேட் மாற்றுகிறவர்கள் செய்யக்கூடாதவை

ஞாயிற்றுக்கிழமை காலையில் வட சென்னையின் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை உள்தெருக்களில் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு காருக்கு முன் சக்கரம் கழன்றிருக்கும், பக்கத்தில் செங்கல்மேல் செல்போனைச் சாய்த்து வைத்து வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். தப்பே இல்லை. ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட் மாதிரி வண்டிகளில் முன் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கிற பட்டைகள்) மாற்றுவது, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் எங்கள் தெருவில், பிரேக் பிஸ்டனை உள்ளே அமுக்குகிற சி கிளாம்ப் என்ற இரும்புக் கவ்வி இருப்பது என்னிடம் மட்டும். அதை இரவல் வாங்க வருகிற தம்பிகள் எல்லாரும் ஒரே மாதிரி சொதப்புவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

வீல் நட்டை இறுக்க மறப்பது, பேட்டை முதுகு மாற்றிப் போடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் பிரேக்கில் கை வைக்கவே வேண்டாம்.

ஜாக்கிக்குத் துணையாக ஹாலோ பிளாக்

அது நொறுங்குவதற்கு முன்னால் சொல்லிவிட்டு நொறுங்காது. வண்டியைத் தாங்குகிற ஜாக் ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள்.

பெட்டியைப் பார்த்து பேட் வாங்குவது

பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக் பாகங்கள் தயாராகிற ஊர் இது. இங்கே இருந்துகொண்டு, பளபளப்பான பெட்டி, பாதி விலை என்று பெயர் தெரியாத பேட்டை வாங்குகிறார்கள். பெட்டியை விடுங்கள், பேட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். விளிம்பிலோ முதுகிலோ அச்சடித்திருக்கும் எழுத்து வரிசையில் எஃப் எஃப், ஜி ஜி என்பது போல இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து இருக்கும். முதல் எழுத்து குறைந்த சூட்டில் பேட் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு. இ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. கம்பெனி பேட்டில் எஃப் எஃப் இருந்து, புதியதில் எஃப் இ இருந்தால், சூடேறியதும் பிடிப்பு குறையும் என்று அர்த்தம். பேட் எத்தனை நாள் உழைக்கும் என்பதை இந்த எழுத்து சொல்லாது. ஆனால் எழுத்தே இல்லாத பேட்டை நான் தொடுவதில்லை.

"எல்லாம் கிரீஸ்தானே அண்ணே?"

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு இன்றும் சுர்ரென்று ஏறும்.

எதிர் வீட்டுத் தம்பி நல்ல பேட்டாகத்தான் வாங்கினான். பொறுமையாகத்தான் மாட்டினான். சில மாதம் கழித்து முன் இடது சக்கரத்தில் கருகின வாடை, பிரேக் பிடித்தால் இரும்பை அரத்தில் தேய்க்கிற சத்தம். கழற்றிப் பார்த்தோம். வெளிப்பக்க பேட் ஏறக்குறைய புதுசு. உள்பக்க பேட்டில் டிஸ்கோடு உராய்கிற சரக்கே இல்லை, வெறும் இரும்புத் தகடு டிஸ்கை உழுதிருந்தது. டிஸ்கைக் கவ்வுகிற காலிப்பர் வழுக்கிப் போய்வருவதற்கான ஸ்லைடு பின் கையால் அசைத்தால் அசையவில்லை, ஸ்பேனர் போட்டுத் திருகித்தான் பிடுங்கினோம். அதைத் தூசி படாமல் மூடுகிற ரப்பர் பூட் டீயில் ஊறிய பன் மாதிரி உப்பியிருந்தது. உள்ளே வழவழவென்று மஞ்சள் கிரீஸ். வீல் பேரிங்குக்குப் போடுகிற ஏ.பி. 3 கிரீஸ்!

அதற்கு முன்னால் பின்னைப் பெட்ரோலில் கழுவினாயா என்று கேட்டேன். "நல்லா பளிச்சுனு கழுவினேன் அண்ணே" என்றான்.

இந்த வண்டிகளில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். மிதித்ததும் அது உள் பேட்டைத் தள்ளும். பேட் டிஸ்கில் முட்டியதும், அந்த எதிர்விசையில் காலிப்பர் உடம்பே ஸ்லைடு பின்மேல் வழுக்கிக்கொண்டு உள்பக்கம் நகர்ந்து வெளி பேட்டை டிஸ்கோடு அமுக்கும். ஸ்லைடு பின் வழுக்காவிட்டால் காலிப்பர் நகராது. உள் பேட் ஒன்றே எல்லா வேலையையும் பார்க்கும், காலை எடுத்த பிறகும் உரசிக்கொண்டே இருக்கும். பெடலில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதுதான் ஆபத்து.

பிரேக்கில் இருக்கிற ரப்பர் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற வகை. கிளைக்கால் சேர்ந்த பிரேக் ஆயிலோடு அது பல வருடம் குடித்தனம் நடத்தும். ஆனால் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், சாதா கிரீஸ் என்று பெட்ரோலிய வம்சத்தில் எது பட்டாலும் ஊதிவிடும். சில வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் உறை இருக்கும். அது ஊதினால் துளைக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர், எர்ணாவூர் பக்கம் எண்ணெயும் தெருவுக்குள் வந்ததே, அதில் நின்ற வண்டிகளுக்கும் இதே கதைதான். எண்ணெய் குடித்த பேட்டைத் துடைத்துப் போடாதீர்கள், தூக்கி எறியுங்கள்.

கடையில் சிலிக்கான் கிரீஸ் என்று கேளுங்கள், இல்லையென்றால் பிரேக்குக்கான சிந்தெடிக் கிரீஸ். கடைக்காரர் மஞ்சள் பாக்கெட்டை நீட்டி "இதையேதான் எல்லாரும் போடுறாங்க" என்பார். வாங்காமல் வெளியே வாருங்கள். சில பேட் பெட்டியிலேயே குட்டிப் பாக்கெட்டில் கிரீஸ் வரும். ஊறுகாய்ப் பாக்கெட் அளவுதான் என்பதால் பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது.

செய்முறை இதுதான். இரண்டு பின்னையும் உருவி, எது மேல், எது கீழ் என்று குறித்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். பழைய கிரீஸைத் துணியால் வழித்து, பிரேக் கிளீனரால் சுத்தம் செய்யுங்கள். நகத்தால் வருடினால் துருப்பள்ளம் தட்டுப்படுகிறதா? பின்னை மாற்றுங்கள். புது கிரீஸை மெல்லிசாகப் பூசினால் போதும். அப்பினால் துளைக்குள் காற்று அடைபட்டு, உள்ளே தள்ளின ஸ்லைடு பின் தானாகத் திரும்ப வெளியே வரும். பூட்டின் உதடு பின்னில் இருக்கும் பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் இரண்டு விரலால் தள்ளி இழுத்துப் பாருங்கள், வெண்ணெயாகப் போய் வரவேண்டும்.

பூட் கிழிந்திருந்தால் பூட் கிட் தனியாகவே கிடைக்கும், விலையும் கம்மி. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றில் வண்டி நிறுத்துகிறவர்கள் பேட் தேயும்வரை காத்திருக்காமல் வருடம் ஒருமுறை பின்னை உருவிப் பார்ப்பது நல்லது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டியை இறக்கியவர்கள் அந்த வாரமே பாருங்கள்.

அந்தத் தம்பிக்கு இரண்டு டிஸ்க், இரண்டு பக்கமும் பேட், பின், பூட் என்று செலவு முதல் பேட்டின் விலையைப் போலப் பல மடங்கு. சரியான கிரீஸ் ஒரு பிரியாணி விலைகூட வராது.

காலிப்பரை ஹோஸில் (பிரேக் ஆயில் குழாயில்) தொங்கவிடுவது

கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது

கூடாது.

பிஸ்டனை அமுக்கும்போது மேலே பார்க்காமல் இருப்பது

பேட் தேயத் தேய, பானெட்டுக்கு அடியில் இருக்கிற டப்பாவில் பிரேக் ஆயில் இறங்கும். நடுவில் யாராவது "ஆயில் கம்மியா இருக்கே" என்று நிரப்பியிருப்பார்கள். இப்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் அது பொங்கி வழிந்து பெயிண்ட்டைத் தின்றுவிடும். மெடிக்கல் ஷாப்பில் ஒரு பெரிய சிரிஞ்சு வாங்கி முதலிலேயே கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். சிந்தினால் துடைத்துக்கொண்டிருக்காமல் தண்ணீரை ஊற்றுங்கள்.

தூசியை வாயால் ஊதுவது

ஈரத்துணி எதற்கு இருக்கிறது?

டிஸ்கைப் பார்க்காமல் பேட் மட்டும் மாட்டுவது

குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்கிலேயே மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அளந்து பாருங்கள். அதற்குக் கீழே போயிருந்தால் புது பேட் வீண்.

மாட்டியதும் ரிவர்ஸ் எடுப்பது

பிஸ்டன் உள்ளே போயிருக்கும், முதல் மிதிக்கு பெடல் தரைவரை போகும். என்ஜினைத் தொடுவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். பின்னால் அடுத்த வீட்டுக்காரர் பைக் நிற்கும்.

பேட்டைப் பழக்காமல் விடுவது

பேட்டின் சரக்கு மெல்லிய படலமாக டிஸ்கில் சீராக ஒட்டினால்தான் முழுப் பிடிப்பு வரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், சீராக மிதித்து 15 வரை குறைத்து, நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுங்கள். எட்டு, பத்து முறை போதும். பிறகு கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு சிக்னலில் மிதித்தபடி நின்றால், பேட் பட்ட இடத்தில் மட்டும் திட்டாகப் படிந்து, பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும்.

இதற்கு மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலை வசதி, அதுவும் விடியற்காலையில். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் டிரெய்லருக்கு முன்னால் போய் பத்துமுறை பிரேக் பிடிக்காதீர்கள்.

பின்னாலும் டிஸ்க் இருக்கிற வண்டிகள்

ஹேண்ட் பிரேக் காலிப்பரோடு சேர்ந்திருந்தால் அந்தப் பிஸ்டனைப் பெரும்பாலும் திருகிக்கொண்டேதான் உள்ளே தள்ள வேண்டும். சி கிளாம்ப் போட்டு அமுக்கினால் உள்ளே இருக்கிற திருகு அமைப்பு உடையும். பட்டன் ஹேண்ட் பிரேக் என்றால் பல வண்டிகளில் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுகிற கருவி) மாட்டி ஹேண்ட் பிரேக் மோட்டாரைப் பின்வாங்க வைத்த பிறகுதான் கை வைக்கவே முடியும். அந்த வண்டிக்கு என் கிளாம்ப்பைக் கேட்டு வராதீர்கள், தரமாட்டேன்.