இரண்டு துறைகளில் எழுதும் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கைச் சரிசெய்வது எப்படி?

என் நெறியாளருக்காக இந்த வேலையைப் போன மாதம்தான் முடித்தேன். மேடம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளைப் பற்றி எழுதுபவர். பாதிக் கட்டுரைகள் நீரியலில் வந்தவை. மீதி, மதகு, தூம்பு பற்றிய கல்வெட்டுகளை வைத்து எழுதிய வரலாற்றுக் கட்டுரைகள். ஒரு விண்ணப்பத்துக்கு மொத்தப் பட்டியலும் மேற்கோள் எண்ணிக்கையும், அதாவது மற்றவர்கள் அந்தக் கட்டுரைகளை எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்பதையும், கேட்டார்கள். ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு கணக்குச் சொன்னது.

1. ஆர்கிட்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் தொடங்கச் சொல்பவர்கள் உண்டு. நான் ஆய்வாளருக்கு அடையாள எண் தரும் ஆர்கிட்டைத்தான் (ORCID) முதலில் சொல்வேன். இலவசம், 16 இலக்க எண், வேலை மாறினாலும் எண் மாறாது. டிஓஐ (DOI, ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர இணைய அடையாளம்) உள்ள கட்டுரைகளை அங்கேயே தேடிச் சேர்த்துக்கொள்ளலாம்.

2. பெயர்

எனக்கு ஒரு வாரத்தை விழுங்கியது இந்தப் படிதான். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1924-இல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதனையே பாருங்கள். எஸ் என்பது சீர்காழி, ஆர் அப்பா பெயர். இதழ்களின் படிவமோ கடைசிப் பெயரைக் கேட்கும்.

க. மலர்விழி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் இதழில் ‘மலர்விழி, கே.’ என்று வரும். அப்பா பெயரை விரித்து எழுதிய இதழில் ‘கந்தசாமி, எம்.’ ஆகிவிடும். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் தளம் இவர்களை இரண்டு ஆட்கள் என்று நினைத்து இரண்டு ஆசிரியர் எண் கொடுத்துவிடலாம். மேடத்துக்கு அதுதான் நடந்திருந்தது. கல்வெட்டுக் கட்டுரைகள் எல்லாம் அவர் அப்பா பெயரில் கிடந்தன.

ஆகவே ஆசிரியர் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். கட்டுரைத் தலைப்பைப் போட்டுத் தேடுங்கள். கிடைத்த பக்கத்தில் ஆசிரியர் பெயரை அழுத்தினால் அது எந்த எண்ணுக்குப் போகிறது என்று தெரியும். எல்லா எண்களையும் குறித்துக்கொண்டு, ஒன்றாக்கச் சொல்லி ஸ்கோபஸிலேயே கோரிக்கை அனுப்பலாம். உடனே மாறாது, அதனால் கடைசி நாள்வரை வைத்திருக்காதீர்கள். பழைய பெயர் வடிவங்கள் அத்தனையையும் ஆர்கிட்டில் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்துவிடுங்கள்.

3. கூகுள் ஸ்காலர்

உங்கள் ஸ்காலர் பக்கத்தில் தானாகக் கட்டுரை சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். இல்லையென்றால் அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே கட்டுரை இரண்டு முறை இருந்தால் இணைத்துவிடுங்கள்.

4. எண்ணைப் படிப்பது

எச்-இண்டெக்ஸை 2005-இல் முன்வைத்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். எச் 4 என்றால், ஒவ்வொன்றும் குறைந்தது 4 மேற்கோள் பெற்ற 4 கட்டுரைகள் இருக்கின்றன, 5 மேற்கோள் பெற்ற 5 கட்டுரைகள் இல்லை என்று பொருள். ஆறு கட்டுரைகளுக்கு 60, 22, 9, 5, 4, 1 என்று மேற்கோள் இருந்தால் எச் 4. நான்காவது கட்டுரைக்கு 5 இருக்கிறது, ஐந்தாவதற்கு 4-தான், அதோடு நின்றுவிடும். முதல் கட்டுரைக்கு 60 வந்தாலும் 600 வந்தாலும் எச் அதேதான்.

இந்த ஒற்றை எண்ணை வைத்து நீரியல்காரரையும் வரலாற்றுக்காரரையும் ஒப்பிடுவது அநியாயம் என்றே சொல்வேன். மருத்துவ ஆய்வில் மேற்கோள்கள் குவியும், கணிதத்தில் மெல்ல வரும். வரலாற்றில் மேற்கோள் பெரும்பாலும் புத்தகங்களுக்குள் இருக்கும், அவற்றில் பலவற்றை எந்தத் தளமும் எண்ணுவதில்லை. ஸ்கோபஸில் கட்டுரைப் பக்கத்தில் வரும் எஃப்டபிள்யூசிஐ (FWCI, துறைக்கேற்பச் சீர்செய்த மேற்கோள் அளவு) கொஞ்சம் நியாயமானது. அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளோடு ஒப்பிடும். 1 என்றால் உலகச் சராசரி. நான் துறைவாரியாக இரண்டு அட்டவணை போட்டு, கீழே ஒரு மொத்தமும் கொடுத்தேன்.

5. தமிழ் நூல்கள்

இதற்குக் குறுக்குவழி எனக்குக் கிடைக்கவில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் உட்கார்ந்து, புத்தகங்களின் துணைநூற்பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். மேடத்தின் கட்டுரையை முதல் புத்தகத்தில் கண்டதும் அவருக்கு உடனே படம் எடுத்து அனுப்பினேன். நூல் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு தனித்தாளாக இணையுங்கள்.

பின்சேர்க்கை: ஓய்வு பெற்றவர்கள் ஸ்காலர் பக்கம் பற்றிக் கருத்துப் பெட்டியில் கேட்டிருந்தார்கள். நிறுவன மின்னஞ்சலை உறுதிசெய்யாவிட்டால் உங்கள் பக்கம் ஸ்காலர் தேடலில் வராது. பணியில் இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள். ஆர்கிட்டில் கல்லூரி முகவரியோடு சொந்த மின்னஞ்சலையும் சேர்த்து வையுங்கள். கல்லூரி முகவரி மட்டும் இருந்து, அது மூடப்பட்டால் கடவுச்சொல்லை மீட்பதே பெரும்பாடு.